கால் மணி நேர மழை: எரிந்த மலைக்குக் கீழே சேற்றுவெள்ளத்தை முன்கூட்டிக் கணிப்பது எப்படி

இங்கே கலிபோர்னியாவில் மழை என்று காதில் விழுந்தால் போதும், தஞ்சாவூரிலிருந்து அப்பா கூப்பிட்டுவிடுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை சென்டிமீட்டர்மா?" காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேர மழையளவைச் செய்தித்தாளில் தினமும் பார்த்து வளர்ந்த தலைமுறை. எனக்கும் அந்தப் பழக்கம்தான் ஊறியிருந்தது. 2010 பிப்ரவரி 5 இரவு, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே லா கன்யாடா ஃப்ளின்ட்ரிட்ஜில் வாடகை வீட்டில் இருந்தேன். அந்த இரவுக்கான மொத்த மழைக் கணிப்பைப் பார்த்தேன். "இவ்வளவுதானே" என்று படுத்துவிட்டேன்.

விடியுமுன் ஒரு சத்தம் எழுப்பியது. லாரியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கருங்கல் ஜல்லியைக் கொட்டும் சத்தம் தெரியுமல்லவா? அது நிற்காமல் தொடர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. கட்டில் கால் வழியாக அதிர்வு ஏறியது. எங்களுக்கு மேலே சில தெருக்கள் தள்ளி முல்லாலி என்ற சேறு பிடிக்கும் தொட்டி நிரம்பி வழிந்து, அதற்குக் கீழே இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாகின. அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் ஸ்டேஷன் தீ என்ற காட்டுத்தீ ஊருக்கு மேலே இருக்கும் சான் கேப்ரியல் மலையில் 1,60,000 ஏக்கரை எரித்திருந்தது.

நான் ஒரு வடிகால் பொறியியல் நிறுவனத்தில் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். ஆகவே கணக்கு எனக்குப் புதிதில்லை. அன்று தவறிப்போனது கணக்கு இல்லை, கேள்வி. எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று கேட்கக்கூடாது. பதினைந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்றுதான் கேட்க வேண்டும். இதைத்தான் அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். 2025 ஜனவரியில் அதே மலையில் ஈட்டன் தீ எரிந்து அணைந்த பிறகு, அடிவாரத்துச் சியரா மாட்ரே ஊரில் இருக்கும் ஓர் அக்கா, "எங்க வீட்டுக்கு என்ன ஆகும்னு நீயே பார்த்துச் சொல்லு" என்று கேட்டார். அவருடைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

மண்ணில் ஒரு துளி தண்ணீர்

முதலில் மலையில் என்ன நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக மலைமேல் ஏற வேண்டாம். எரிந்த வனப்பகுதிகள் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும், மூடியிருப்பதும் நியாயம்தான். அக்கா வீட்டுப் பின்புறத்திலேயே வேலிக்குள் ஒரு சரிவு எரிந்திருந்தது. அங்கே செய்தோம்.

மேலே இருக்கும் சாம்பலைத் தூரிகையால் மெதுவாக ஒதுக்குங்கள். அடியில் வெறும் மண் தெரியும். அது காய்ந்திருக்க வேண்டும். மருந்துக் குப்பியின் சொட்டுக்குழாயால் ஒரு துளி தண்ணீர் விட்டு, கைபேசியில் விநாடிகளை எண்ணுங்கள். நல்ல மண் ஐந்து விநாடிக்குள் துளியைக் குடித்துவிடும். அக்கா வீட்டுச் சரிவில் மேல்மண் குடித்தது. ஒரு சென்டிமீட்டர் சுரண்டிவிட்டு அடுத்த துளியை விட்டோம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றது. நாற்பது விநாடி தாண்டியும் அப்படியே இருந்தது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

காரணம் இதுதான். இந்த மலைகளில் வளரும் சப்பரல் என்ற புதர்க்காட்டின் இலைகளிலும் சருகிலும் மெழுகுத்தன்மை அதிகம். எரியும்போது அந்த மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் இறங்குகிறது. சூடு குறைந்த ஓர் ஆழத்தில் படிந்து மண்துகள்களுக்கு எண்ணெய் பூசிவிடுகிறது. அதற்குமேல் மழை வந்தால் தண்ணீர் கீழே இறங்க முடியாமல் சரிவோடு ஓடுகிறது. மழைத்துளியைத் தாங்கிக்கொள்ள இலையும் இல்லை, ஓட்டத்தைத் தடுக்கச் சருகும் இல்லை.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. செங்குத்தான சரிவில் புதரின் அடித்தண்டுக்குப் பின்னால் மண்ணும் கல்லும் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடக்கும். புதர் எரிந்ததும் பிடிமானம் போய்விடுகிறது. ஒரு சொட்டு மழைகூட இல்லாமல், காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்து ஓடைப்பள்ளத்தில் போய்ச் சேர்கிறது. தீ அணைந்த மறுவாரம் அமைதியான ஒரு மாலையில் நின்று கேட்டால் அந்த உதிரும் சத்தம் கேட்கும். மழை வருவதற்கு முன்பே ஓடை நிரம்பித் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

பலத்த மழை கொஞ்ச நேரம் அடித்ததும் ஓடுகிற தண்ணீர் அந்த மண்ணையெல்லாம் வாரிக்கொள்கிறது. பாதிக்கு மேல் திடப்பொருளாகிவிட்டால் அது வெள்ளமாக இருப்பதில்லை; கலவை இயந்திரத்திலிருந்து கொட்டும் கான்கிரீட்டாக மாறிவிடுகிறது. கார் அளவுப் பாறையை மிதக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். பெரிய பாறைகளும் மரங்களும் முன்வரிசையில் வரும், குழம்பு பின்னால் வரும். இதைத்தான் இங்கே டெப்ரிஸ் ஃப்ளோ என்கிறார்கள். நான் சேற்றுவெள்ளம் என்று எழுதுகிறேன். ஆனால் சேறு என்ற சொல்லைக் கேட்டு முழங்கால் அளவுக் கலங்கல் தண்ணீரை மனதில் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சாதாரண மண்சரிவுக்கு நாள்கணக்கில் மழை பெய்து மண் ஊறவேண்டும். எரிந்த மலைக்கு ஊறல் தேவையே இல்லை. பருவத்தின் முதல் மழையே போதும். கால் மணி நேரக் கணக்கு முக்கியமாவது இதனால்தான்.

உங்கள் வீடு எதன்மேல் நிற்கிறது?

மலையிலிருந்து ஓடை சமவெளிக்கு வெளிவரும் வாயில் நின்று கீழே பார்த்தால், நிலம் விரித்த விசிறி போலச் சரிந்து பரவியிருக்கும். அந்த விசிறியே பழைய சேற்றுவெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டியதுதான். சான் கேப்ரியல் மலையடிவார ஊர்கள் பலவும் இப்படிப்பட்ட விசிறிகள்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் உயரக்கோட்டு வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: ஓடைவாய்க்குக் கீழே கோடுகள் வில் போல வெளிப்பக்கம் வளைந்திருந்தால் அது விசிறி.

வரைபடம் படிக்க வராதவர்கள் தெருவில் நடந்து பார்க்கலாம். தோட்டங்களில் இருக்கும் பெரிய பாறைகளை யாராவது விலைகொடுத்து வாங்கி வைத்தார்களா, அல்லது வீடு கட்டும்போதே அங்கே கிடந்தனவா என்று பழைய குடியிருப்பாளர்களைக் கேளுங்கள். ஆளுயரப் பாறை மண்ணில் பாதி புதைந்து நின்றால் அது தானாகவே வந்திருக்கிறது.

ஓடை இப்போது உங்கள் வீட்டிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ஓடுகிறது என்பதால் நிம்மதியாக இருக்க முடியாது. விசிறிமேல் சேற்றுவெள்ளம் பழைய பாதையில் போவதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. ஒரு சிறுபாலத்தில் மரமும் பாறையும் அடைத்துக்கொண்டால் அது அப்படியே கரையேறிப் பக்கத்துத் தெருவில் பாயும். ஆகவே உங்களுக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு சிறுபாலத்தையும் குழாய் வாயையும் குறித்துக்கொள்ளுங்கள். அவைதான் அது திசை மாறக்கூடிய இடங்கள். முல்லாலியில்கூட ஒரு பெரும்பாறை தொட்டியின் வெளிப்போக்கை அடைத்துக்கொண்டதுதான் சிக்கலின் பெரும்பகுதி.

1934 புத்தாண்டு இரவு லா கிரசெண்டா, மான்ட்ரோஸ் பகுதியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தைய நவம்பரில் மலை எரிந்திருந்தது. இறந்தவர்களில் பலர் வீட்டைவிட்டு வந்து, பாதுகாப்பான இடம் என்று நம்பி ஒரு பொது மண்டபத்தில் ஒதுங்கியவர்கள். அந்த மண்டபமும் விசிறிமேல்தான் இருந்தது. எங்கே போவது என்று யோசிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: போகிற இடம் விசிறிக்கு வெளியே இருக்க வேண்டும்.

வரைபடத்தைப் படிப்பது

பெரிய தீ ஒன்று நடந்தால் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை அந்த மலைக்கு அபாய வரைபடம் ஒன்றை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. தீயின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். எரிந்த மலையைச் சின்னச் சின்ன நீர்ப்பிடிப்புகளாக, அதாவது ஒரே ஓடைக்குத் தண்ணீர் வடியும் பரப்புகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நிறம் கொடுத்திருப்பார்கள். மஞ்சளிலிருந்து அடர்சிவப்பு வரை போகும்.

முதலில் உங்கள் ஓடை எந்த நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஊரின் ஒட்டுமொத்த நிறம் உங்களுக்குப் பயன்படாது. அக்கா வீட்டுக்கு மேலே மூன்று சிறு ஓடைகள் இருந்தன. இரண்டு வேறு பக்கம் வடிந்தன. ஒன்றுதான் அவருடைய தெருவை நோக்கி வந்தது. அந்த ஒன்றின்மேல் சொடுக்கினோம். ஒரு சின்னப் பெட்டி திறந்து, சேற்றுவெள்ளம் வரும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு, வந்தால் எத்தனை கன மீட்டர், எவ்வளவு வேகமான மழைக்கு வரும் என்று எண்கள் காட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "வாய்ப்பு 80 விழுக்காடு" என்று பார்த்ததும் இந்தக் குளிர்காலத்தில் 80 விழுக்காடு என்று பலரும் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. குறிப்பிட்ட வேகத்தில் மழை பெய்தால் மட்டுமே அந்த 80. வழக்கமாக முன்னால் காட்டுவது மணிக்கு 24 மில்லிமீட்டர் வேகத்தில் கால் மணி நேரம் பெய்யும் மழைக்கான கணக்கு. அதாவது 15 நிமிடத்தில் 6 மில்லிமீட்டர். ஊறுகாய்ப் புட்டியின் அடியில் சுண்டுவிரல் நகத்தின் உயரம்கூட வராது. அவ்வளவு மழைதான்.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் நம்பிக்கையும் வரும், எங்கே நம்பக்கூடாது என்பதும் தெரியும். நான்கு விஷயங்களை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

ஒன்று, அந்த நீர்ப்பிடிப்பில் 23 பாகைக்கு மேல் சரிவாகவும் நடுத்தரம் அல்லது கடுமையாகவும் எரிந்த பரப்பு எத்தனை பங்கு என்பது. இரண்டாவது, செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த தீக்கடுமை எண். பச்சைத் தாவரம், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் சிவப்பை அடுத்த பகுதியை நன்றாகத் திருப்பி அனுப்பும்; எரிந்த மண் அதைவிட நீண்ட அலைநீளத்து ஒளியை அதிகம் திருப்பும். தீக்கு முன்னும் பின்னும் இந்த இரண்டையும் ஒப்பிட்டால் எவ்வளவு எரிந்தது என்று ஓர் எண் கிடைக்கும். அதை ஆயிரத்தால் வகுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது, அந்த மண் எவ்வளவு சுலபமாக அரிக்கும் என்று மண்வரைபடத்திலிருந்து எடுக்கும் ஓர் எண். நான்காவது மழை: 15 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர்.

முதல் மூன்றும் தீ அணைந்த நாளிலேயே முடிவாகிவிடும். நான்காவது மட்டும்தான் மழைக்கு மழை மாறும். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: வாய்ப்பு பாதிக்குப் பாதியாக இருக்க எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்? கால் மணி நேர மழைக்கு அந்தச் சூத்திரம் இப்படிச் சுருங்கும்.

வரம்பு மழை = 3.63 ÷ (0.41 × சரிவுப் பங்கு + 0.67 × தீக்கடுமை + 0.70 × மண் எண்)

உதாரணத்துக்கு ஒரு நீர்ப்பிடிப்பில் சரிவுப் பங்கு 0.6, தீக்கடுமை 0.5, மண் எண் 0.25 என்று வைத்துக்கொள்வோம். அடைப்புக்குள் 0.246, 0.335, 0.175. கூட்டினால் 0.756. 3.63-ஐ அதால் வகுத்தால் 4.8. அதாவது கால் மணி நேரத்தில் 4.8 மில்லிமீட்டர். இங்குள்ளவர்கள் அங்குலத்தில் பேசுவதால் 0.19 அங்குலம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதே நீர்ப்பிடிப்பில் 3 மில்லிமீட்டர் பெய்தால் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு. 4 என்றால் 35. 6 என்றால் 71. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எப்படி ஏறுகிறது பாருங்கள். 3-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. வீட்டு ஜன்னலில் நின்று பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது.

சூத்திரம் போட விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை, அந்த வரம்பை வரைபடப் பெட்டியிலேயே கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். அக்கா பள்ளியில் கணக்கு எடுத்தவர். தானே வகுத்துப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு, "இவ்வளவு கொஞ்சமா?" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு அவரிடம் நான் எதையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. எண்ணைக் காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

இந்தச் சூத்திரம் தெற்குக் கலிபோர்னியாவின் அனுபவங்களிலிருந்து உருவானது. வேறு மாநிலங்களிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மலையும் மழையும் மாறும்போது வரம்பும் முன்பின் ஆகும். கொலராடோவின் கிளென்வுட் கேன்யனில் 2020 ஆகஸ்டில் காடு எரிந்தது; சேற்றுவெள்ளம் வந்தது அடுத்த ஆண்டு ஜூலையில், கோடை இடிமழையில். ஐ-70 நெடுஞ்சாலை இரண்டு வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. அங்கே இருப்பவர்கள் குளிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை, கோடையைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வரும்?

பெட்டியில் இருக்கும் கன மீட்டர் எண்ணைப் பார்த்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தோன்றாது. ஒரு டிப்பர் லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்து லாரிக்கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் கடுமையாக எரிந்து, அடியிலிருந்து உச்சி வரை 500 மீட்டர் உயரமுள்ள நீர்ப்பிடிப்பில், மணிக்கு 24 மில்லிமீட்டர் வேக மழைக்கு ஏறத்தாழ 8,400 கன மீட்டர் வரும் என்கிறது கணக்கு. 840 லாரி. அத்தனையும் சில நிமிடங்களில் உங்கள் தெருமுனையில் கொட்டினால் எப்படி இருக்கும்?

இந்த எண் மூன்று மடங்கு கூடவோ மூன்றில் ஒரு பங்காகக் குறையவோ செய்யலாம். அதனால் ஒற்றை எண்ணாகப் பிடித்துக்கொள்ளாமல் ஆயிரமா, பத்தாயிரமா, லட்சமா என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்குக் கீழே என்றால் மணல்மூட்டை கொஞ்சம் உதவும். பத்தாயிரத்தைத் தாண்டினால் மூட்டை அடுக்கும் நேரத்தைப் பெட்டி கட்டப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், வரைபடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மலைக்குள் எந்த ஓடையில் கிளம்பும் என்று அது சொல்கிறது. ஓடைவாயைத் தாண்டி எந்தெந்த வீட்டுக்கு வரும் என்று சொல்வதில்லை. உங்கள் வீட்டின்மேல் நிறம் எதுவும் இல்லை என்றால் வீடு பத்திரம் என்று பொருள் அல்ல. அந்தப் பகுதி கணக்கிலேயே வரவில்லை, அவ்வளவுதான். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

மழையைப் பார்ப்பது

எரிந்த மலைகளில் சேற்றுவெள்ளத்தைக் கிளப்புவது பெரும்பாலும் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழை அல்ல. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் வந்துபோகும் சாதாரண மழைதான். ஆகவே தொலைக்காட்சியில் பெரிய புயல் என்று அலறும்வரை காத்திருக்க வேண்டாம்.

மழைக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே தேசிய வானிலைச் சேவையின் உங்கள் பகுதி அலுவலகம் எழுதும் வானிலை விவாதக் குறிப்பைப் படியுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கு ஆக்ஸ்நார்டில் இருக்கும் அலுவலகம் எழுதுகிறது. மொத்த மழை எத்தனை அங்குலம் என்ற வரியைத் தாண்டிப் போங்கள். உச்ச மழைவேகம் மணிக்கு எத்தனை அங்குலம் என்ற வரியைத் தேடுங்கள். இடிமழைக்கு வாய்ப்பு உண்டா, குளிர்முகப்போடு (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்போடு) ஒடுங்கிய மழைப்பட்டை வருமா என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். ரேடார் படத்தில் மெல்லிய சிவப்புக் கயிறு போலத் தெரியும் அந்தப் பட்டை பத்து நிமிடத்தில் கடந்துபோய்விடும். ஆனால் அந்தப் பத்து நிமிடம்தான் எல்லாம்.

மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "ஒரு மணி நேரத்தில் 10 மில்லிமீட்டர்" என்பது சீராகப் பெய்தால் கால் மணிக்கு 2.5, மேலே போட்ட கணக்குப்படி கவலை குறைவு. அதே பத்தில் ஆறு ஏழு மில்லிமீட்டர் ஒரே கால் மணியில் கொட்டிவிட்டு மீதி நேரம் தூறினால் வரம்பைத் தாண்டியாயிற்று. அதனால் மணிக்கணக்கில் கணிப்பு வரம்பைத் தொடவில்லை என்றாலும், இடிமழை என்ற சொல் குறிப்பில் இருந்தால் நான் வரம்பைத் தாண்டியதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தோட்டத்தில் மழைமானி வைத்திருப்பவர்களுக்கு: அது நல்ல பழக்கம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சேற்றுவெள்ளத்தைக் கிளப்பும் மழை உங்கள் தோட்டத்தில் பெய்வதில்லை; மூன்று கிலோமீட்டர் தள்ளி மலையின் மேல் பெய்கிறது. கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகங்கள் மலைக்குள் வைத்திருக்கும் மானிகளின் அளவு இணையத்தில் வரும். உங்கள் நீர்ப்பிடிப்புக்கு மிக அருகில் உள்ள மானியின் பெயரைத் தீ அணைந்த வாரமே குறித்து வையுங்கள். ஆனால் அதுவும் பிறகு கற்றுக்கொள்வதற்குத்தான், ஓடுவதற்கு அறிகுறியாக அல்ல. மானியில் 5 மில்லிமீட்டர் காட்டும்போது மேலே ஏற்கெனவே கிளம்பியிருக்கும். உச்ச மழைக்கும் சேற்றுவெள்ளத்துக்கும் நடுவே சில நிமிடங்கள்தான் இடைவெளி.

இந்தக் காரணத்தால்தான் ஒரு விதியை நான் யாருக்கும் தளர்த்திச் சொல்வதில்லை: கணிப்பைப் பார்த்துக் கிளம்புங்கள், மழையைப் பார்த்து அல்ல. கணிக்கப்பட்ட உச்ச வேகம் உங்கள் வரம்பை நெருங்கினால் மழை தொடங்கும் முன், வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். எச்சரிக்கைச் செய்தி கைபேசியில் அலறும்போது நீங்கள் வேறு ஊரில் இருக்க வேண்டும். அது அலறும்போது இன்னும் வீட்டில் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஓடையிலிருந்து விலகிய பக்கம், மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள்.

மான்டெசிட்டோ

சான்டா பார்பரா கவுண்டியில் மான்டெசிட்டோவுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தாமஸ் தீ 2017 டிசம்பர் 4 அன்று தொடங்கி 2,81,893 ஏக்கரை எரித்தது. அது முழுக்கக் கட்டுக்குள் வந்ததாக அறிவித்தது 2018 ஜனவரி 12. சேற்றுவெள்ளம் வந்தது ஜனவரி 9, அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்பு. தீ முழுதாக அணையும் முன்பே மழை வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் 0.54 அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டருக்கு மேல். மேலே நாம் போட்ட கால் மணி வரம்பைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதுவும் ஐந்தே நிமிடத்தில். ஏறத்தாழ 6,80,000 கன மீட்டர் சேறும் பாறையும் ஓடைகள் வழியாக ஊருக்குள் இறங்கி, கடலோர 101 நெடுஞ்சாலை வரை வந்தது. 23 பேர் இறந்தார்கள்.

கட்டாய வெளியேற்றத்தின் எல்லை 192-ஆம் எண் சாலை. அதற்கு மேலே இருந்தவர்கள் கட்டாயம் போகவேண்டும். கீழே இருந்தவர்கள் விரும்பினால் போகலாம். இறந்தவர்களில் பலர் அந்தச் சாலைக்குக் கீழே, "விரும்பினால்" என்ற பக்கத்தில் இருந்தவர்கள். சில வாரம் முன்புதான் தீக்காக வீட்டை விட்டுப் போய்த் திரும்பியிருந்தார்கள். மறுபடியும் பெட்டி கட்ட மனம் வராமல் போனதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 2010-ல் நானும் அப்படித்தான் படுத்திருந்தேன். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வெளியேற்ற வரைபடத்தில் சாலை ஒரு கோடு, ஓடை அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. உங்கள் பெயருக்கு உத்தரவு வரவில்லை என்றாலும், கணிக்கப்பட்ட மழை உங்கள் ஓடையின் வரம்பைத் தொட்டால் உத்தரவு வந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் தேர்வு பற்றி ஒரு வரி. 2003 கிறிஸ்துமஸ் அன்று சான் பெர்னார்டினோ மலையின் வாட்டர்மன் கேன்யனில் 14 பேர் இறந்தார்கள். ஓடைப்பள்ளத்துக்குள் இருந்த ஒரு முகாமில் கூடியிருந்தவர்கள். அந்த மலை எரிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எரிந்த மலையின் ஓடையோரம் முகாம், விருந்து, மலையேற்றம் எதுவும் அந்தக் குளிர்காலத்தில் வேண்டாம். விருந்தினராகப் போகிறவர்களுக்கு மலை எரிந்த கதையே தெரிந்திருக்காது. கூப்பிடுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

எத்தனை நாள் இப்படி?

முதல் குளிர்காலம்தான் மோசமானது. ஆனால் ஒரு சேற்றுவெள்ளம் வந்துவிட்டால் பாரம் இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். ஓடையின் மேற்பகுதியில் இன்னும் மண் பாக்கி இருக்கும். சரிவிலிருந்து புதிதாகவும் உதிரும். கீழே தொட்டி நிறைந்து கிடந்தால் அடுத்த மழைக்கு அது இல்லாததற்குச் சமம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உங்களுக்கு மேலே உள்ள தொட்டியைத் தூர் வாரினார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். வாரவில்லை என்றால் உங்கள் வரம்பைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இது என் சொந்த விதி, எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

புல்லும் புதரும் தளிர்க்கத் தளிர்க்க வரம்பு உயரும். பெரும்பாலும் இரண்டாண்டுக்குள் நிலைமை நன்றாகத் தெளியும். அதற்குப் பிறகு வேறொரு கவலை வரலாம்: எரிந்த செடிகளின் வேர் மண்ணுக்குள் மக்கிப்போக மூன்று நான்கு வருஷம் ஆகும். அப்போது நாள்கணக்கில் ஊறும் மழையில் பழைய வகை மண்சரிவு வரக்கூடும். அந்த வருஷங்களில் மட்டும் அப்பாவின் கேள்விக்கும் மதிப்பு உண்டு. மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

2025 பிப்ரவரி 13 மழைக்கு முந்தைய நாள் மாலையே அக்கா கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் மருந்துப் பெட்டி, பத்திரங்கள், வீட்டுப் பூனை. மறுநாள் சியரா மாட்ரே தெருக்களில் சேறு இறங்கியது. அவருடைய தெருமுனையில் சக்கர உயரத்துக்கு மண் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. "வரலையே, சும்மா போய்ட்டு வந்தோமோ?" என்று அவர் கேட்கவில்லை. அடுத்த மழைக்கு எப்போது வரட்டும் என்றுதான் கேட்டார்.

அந்த நவம்பரில் இருவரும் மறுபடி பின்புறச் சரிவுக்குப் போனோம். அதே இடம், அதே சொட்டுக்குழாய். ஒரு சென்டிமீட்டர் சுரண்டி விட்ட துளி பதினெட்டு விநாடியில் இறங்கியது. பக்கத்தில் இன்னும் மூன்று இடத்தில் விட்டுப் பார்த்து, நான்கையும் தேதியோடு எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பழைய காகிதத்துக்குக் கீழே ஒட்டினார். பழையதைக் கிழிக்கவில்லை.